நிறுத்தாமல் புதுப்பித்தல்

தொலைபேசி நிலையம் ஒன்றை இயக்கத் தொடங்கியவர்களுக்கு, அதை நிறுத்துவதற்கு உகந்த நேரம் என்று ஒன்று என்றைக்குமே வாய்ப்பதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் யாரோ ஒருவர் வைத்தியரை அழைத்துக்கொண்டிருப்பார். விடியுமுன் வெளியூரிலிருந்து ஒரு பிறப்புச் செய்தியோ இறப்புச் செய்தியோ வந்துகொண்டிருக்கும். அந்த நிலையத்தை நடத்துவதோ மனிதர் எழுதிய நிரல். மனிதர் எழுதியதில் பிழை இருப்பது சகஜம். பிழை கண்டவிடத்துத் திருத்துவது கடமை. புதிய சௌகரியங்களைக் கேட்கும் சந்தாதாரருக்கு அவற்றைச் சேர்த்துத் தருவதும் கடமை. நிறுத்தவும் கூடாது, மாற்றாமல் இருக்கவும் முடியாது என்ற இந்த இரண்டு நிர்ப்பந்தங்களுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பொறியியல் வல்லுநர்கள் கண்டடைந்த வழியைத்தான், சற்று விஸ்தாரமாகவே, இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்வீடன் தேசத்து எரிக்ஸன் நிறுவனம் 1970களிலேயே ஏஎக்ஸ்ஈ என்னும் தொலைபேசி நிலையத்தை உருவாக்கி, அதைக் கணிப்பொறி நிரல்களைக் கொண்டு நடத்திப் பழகியிருந்தது. அதற்கென்றே வகுக்கப்பட்ட பிளெக்ஸ் என்னும் நிரல்மொழி அந்தக் காரியத்துக்குப் போதுமானதாக இருந்தாலும், இலட்சக்கணக்கான வரிகளாகப் பெருகிவிட்ட நிரல்களை எழுதுவதும் பேணுவதும் நாளுக்கு நாள் சிரமமாகிக்கொண்டே வந்தது. ஆகவே அந்நிறுவனத்தின் ஸ்டாக்ஹோம் கணிப்பொறி ஆராய்ச்சிக்கூடத்தில், தொலைபேசித் தொழிலுக்கு இதனினும் உகந்த மொழி எது என்று பரிசோதிக்கும் முயற்சி தொடங்கியது. 1986ஆம் ஆண்டு வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் புரோலாக் மொழியை அடிப்படையாகக் கொண்டு செய்த பரிசோதனைகள், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோரின் ஒத்துழைப்பால் வளர்ந்து, எர்லாங் என்னும் தனி மொழியாக உருப்பெற்றன. 1998ஆம் ஆண்டு எரிக்ஸன் வெளியிட்ட ஏஎக்ஸ்டி 301 என்னும் இணைப்பகத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எர்லாங் வரிகள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அம்மொழி மூலநிரலோடு உலகத்தாருக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்திகளைச் சுமந்து செல்லும் சர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை என்பதைப் பலர் அறிந்திருக்கக் கூடும்.

எர்லாங் ஒரு சார்பு நிரல்மொழி. சார்பு என்பது பள்ளிக் கணிதத்தில் நாம் கற்ற அதே பொருளில்தான் இங்கும் வழங்குகிறது: ஒரு மதிப்பை உள்ளே கொடுத்தால் அதற்குரிய ஒரு மதிப்பை வெளியே தருவது. இவ்வகை மொழிகளின் பிரதான லக்ஷணம், ஒருமுறை ஒரு பெயருக்கு அளித்த மதிப்பை மறுபடியும் மாற்ற முடியாது என்பதாகும். ஒரு வாடிக்கையாளர் எத்தனை முறை அழைத்தார் என்று கணக்கிட வேண்டுமானால், நினைவகத்தில் ஓரிடத்தில் ஓர் எண்ணை எழுதி, அதை அழித்து அழித்து மேலும் எழுதிக்கொண்டு போவது பிற மொழிகளின் வழக்கம். எர்லாங்கிலோ, எண்ணும் வேலையைச் செய்யும் சார்பு, இப்போதைய எண்ணை உள்ளீடாகப் பெற்று, ஓர் அழைப்பு வந்ததும் அதனோடு ஒன்றைக் கூட்டிய மதிப்பைக் கொடுத்துத் தன்னைத்தானே மறுபடியும் அழைத்துக்கொள்ளும். இவ்வாறு ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் புராசஸ் என்று பெயர். ஒரே யந்திரத்தில் இலட்சக்கணக்கான புராசஸ்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய நினைவகப் பகுதி உண்டு. ஒன்றின் உடைமையை மற்றொன்று தொட முடியாது. ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். ஒரு புராசஸ் இதுவரை அறிந்த அத்தனை விஷயமும் அந்தச் சுழலும் சார்பின் உள்ளீட்டிலேயே அடங்கியிருக்கிறது என்ற இந்த ஒரே நியமத்தின் மீதுதான், நிறுத்தாமல் புதுப்பிக்கும் வித்தை முழுவதும் நிற்கிறது.

இனி நிரல் யந்திரத்துக்குள் ஏறும் விதத்தைப் பார்ப்போம். எர்லாங்கில் நிரலின் அலகு மாட்யூல் எனப்படும். நிரலாளர் எழுதிய மாட்யூலைக் கம்பைலர் படித்து, பீம் என்ற மெய்நிகர் யந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றி, தனிக் கோப்பாகச் சேமித்து வைக்கிறது. அந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்றுவதற்கென்றே ஒரு புராசஸ் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை போன்ற பொறுப்பான இடங்களில் எல்லா மாட்யூல்களையும் தொடக்கத்திலேயே ஏற்றிவிடும் முறை உண்டு. பழகுகிறவர்களும் அபிவிருத்தி செய்கிறவர்களும் கையாளும் முறையிலோ, எந்த மாட்யூல் எப்போது முதன்முதலாக அழைக்கப்படுகிறதோ அப்போதுதான் அது ஏறுகிறது. இந்த இரண்டாவது முறை நடக்கும் விதம் மிகவும் அழகானது. இன்னும் ஏறாத ஒரு மாட்யூலின் சார்பை யாராவது அழைத்தால், அந்த அழைப்பு நேரே பிழையில் முடிந்துவிடுவதில்லை. இத்தகைய சந்தர்ப்பங்களைக் கவனிப்பதற்கென்றே அமைந்த வேறொரு மாட்யூலிடம் அது போய்ச் சேருகிறது. அந்த மாட்யூல், ஏற்றும் புராசஸை அணுகி, இப்பெயருள்ள கோப்பு எங்கேனும் உண்டா என்று கேட்கிறது. உண்டென்றால் அது ஏற்றப்படுகிறது. பிறகு, இடையில் ஒன்றுமே நடவாதது போல, பழைய அழைப்பே மறுபடியும் செய்யப்படுகிறது. கோப்பு கிடைக்காதபோதுதான் பிழை என்ற பேச்சு எழுகிறது. இதில் நான் வியக்கும் விஷயம், இந்தக் காரியத்தில் பெரும்பகுதி எர்லாங்கிலேயே எழுதப்பட்டிருப்பதும், தேவையுள்ளவர்கள் அந்த மாட்யூலுக்குப் பதிலாகத் தங்களுடையதை வைத்துக்கொள்ள இடமிருப்பதும் ஆகும்.

ஏற்கனவே ஏறியிருக்கும் மாட்யூலின் புதிய பிரதி ஒன்றை ஏற்றினால் என்ன நேரும்? பழைய பிரதி உடனே அழிக்கப்படுவதில்லை. புதியது ‘நடப்புப் பிரதி’ என்ற ஸ்தானத்தை அடைகிறது. முன்னிருந்தது ‘பழைய பிரதி’ என்ற ஸ்தானத்துக்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் வாசம் செய்கின்றன. இதைச் சற்று அருகில் சென்று பார்க்க, மேலே சொன்ன எண்ணும் வேலையையே எடுத்துக்கொள்வோம். ‘எண்ணி’ என்பது மாட்யூலின் பெயர். ‘சுற்று’ என்பது அதிலுள்ள சார்பு. அது செய்திக்காகக் காத்திருக்கிறது. ‘கூட்டு’ என்ற செய்தி வந்தால், ஒன்றைக் கூட்டிக்கொண்டு தன்னையே அழைக்கிறது. ‘சொல்’ என்ற செய்தி வந்தால், கேட்டவருக்கு எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடியும் தன்னையே அழைக்கிறது. தன்னை அழைப்பதற்கு அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘சுற்று’ என்று வெறும் பெயரால் அழைக்கலாம். ‘எண்ணி’ என்ற மாட்யூலின் பெயரையும் முன்னே சேர்த்து முழுப் பெயரால் அழைக்கலாம். வெறும் பெயரால் அழைத்தால், அந்தப் புராசஸ் எந்தப் பிரதியில் பிறந்ததோ அதிலேயே சுழன்றுகொண்டிருக்கும். நடப்புப் பிரதி வேறாகிவிட்டது என்பதையே அது அறியாது. முழுப் பெயரால் அழைத்தாலோ, அந்தக் கணத்தில் எது நடப்புப் பிரதியோ அதற்குள் அது பிரவேசிக்கும். எண் ஆயிரத்து இருபதில் இருக்கும்போது புதிய பிரதி ஏற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வரும் முதல் செய்தியைப் பழைய பிரதியே கவனித்து முடிக்கும், ஏனெனில் காத்திருந்தது அது. முடித்துவிட்டு முழுப் பெயரால் அழைக்கும்போது, ஆயிரத்து இருபத்தொன்று என்ற எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, புராசஸ் புதிய பிரதிக்குள் நுழைந்துவிடும். எண் இழக்கப்படவில்லை, அழைத்தவர் எவரும் காத்திருக்கவில்லை, செய்திகள் வரிசை கலையவில்லை.

எந்த இடத்தில் பழையதிலிருந்து புதியதற்குத் தாண்டுவது என்பதை யந்திரம் தானாகத் தீர்மானிப்பதில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு கணக்கின் நடுவில், பாதியைப் பழைய விதிப்படியும் மீதியைப் புதிய விதிப்படியும் செய்துவிட்டால் விளைவது விபரீதமே. ஆகையால், தாண்டுவதற்குத் தகுந்த இடம் எது என்று நிரலாளரே யோசித்து, அவ்விடத்தில் மட்டும் முழுப் பெயரை எழுதுகிறார். சாதாரணமாக அது, ஒரு செய்தியைக் கவனித்து முடித்து அடுத்ததற்குக் காத்திருக்கப் போகும் இடமாக இருக்கும். இலக்கணத்தில் இத்தனை சிறிய ஒரு வேற்றுமைக்கு இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைத்திருப்பது இம்மொழியைச் சமைத்தவர்களின் விவேகத்துக்குச் சான்று என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு பிரதிகளுக்கு மேல் இடமில்லை. மூன்றாவது ஒன்றை ஏற்றும்போது, முதலாவது அகற்றப்பட்டாக வேண்டும். அதற்குள்ளேயே இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் புராசஸ்கள் ஏதேனும் இருந்தால் அவை கொல்லப்படும். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். அப்படிக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு, பழைய பிரதியை எவரும் பயன்படுத்தாதபோது மட்டும் அகற்றுகின்ற மிதமான கட்டளையும் உண்டு. எவரேனும் அதில் இருந்தால் அது ஒன்றும் செய்யாமல் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடும். ஆனாலும் எல்லையில்லாமல் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று அனுமதித்திருந்தால், எந்தப் புராசஸ் எந்தக் காலத்து விதிப்படி நடக்கிறது என்பதை ஒருவராலும் நிச்சயித்துச் சொல்ல முடியாத நிலை சில மாதங்களிலேயே ஏற்பட்டிருக்கும். இருக்கலாம் என்ற சலுகையும், இவ்வளவுதான் என்ற வரம்பும் சேர்ந்து இருப்பதனால்தான் இது பரிபாலனம் செய்யத்தக்க முறையாக இருக்கிறது. நுட்பமான வேறு சில சிக்கல்களும் உண்டு: ஒரு புராசஸ், பழைய பிரதியில் உண்டான பெயரில்லாச் சார்பு ஒன்றைத் தன் உடைமையில் வைத்துக்கொண்டிருந்தால், அதுவும் அந்தப் பிரதியைப் பற்றிக்கொண்டிருப்பதாகவே கருதப்படும். மாட்யூலோடு சேர்ந்து ஏறிய நிலைத்த தரவுகளை ஒரு புராசஸ் குறிப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, அகற்றுமுன் அத்தரவுகள் அதன் சொந்த நினைவகத்துக்குப் படியெடுத்துக் கொடுக்கப்படும்.

நிரல் மாறுவது ஒரு பாதி, தரவின் வடிவம் மாறுவது மற்றொரு பாதி, கடினமானதும் இதுவே. நேற்று வரை வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் மட்டும் வைத்திருந்த புராசஸ், இன்றைய பிரதியில் அவர் விரும்பும் மொழியையும் வைத்திருக்க வேண்டும் என்றால், கையில் எடுத்துக்கொண்டு தாண்டும் மூட்டையே புதிய இடத்தில் பொருந்தாமல் போகும். எர்லாங்கில் இத்தகைய தரவுகளை ரெக்கார்டு என்ற பெயரில் வருணிப்பது வழக்கம். பெயர், எண் என்று அங்கங்களுக்குப் பெயரிட்டு எழுதுகிறோம். ஆனால் அந்தப் பெயர்கள் கம்பைலரின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தவை. கம்பைல் ஆனதும் அவை மறைந்து, ரெக்கார்டின் பெயர் முதல் ஸ்தானத்திலும், அங்கங்கள் அதனையடுத்த ஸ்தானங்களிலும் வரிசையாக நிற்கும் ஒரு கோவையே மிஞ்சுகிறது. இரண்டு அங்கங்கள் இருந்தபோது மூன்று ஸ்தானங்கள் கொண்டதாக இருந்த கோவை, மூன்றாவது அங்கம் சேர்ந்ததும் நான்கு ஸ்தானங்கள் கொண்டதாகிவிடும். புதிய பிரதியின் கைக்கு மூன்று ஸ்தானக் கோவை வந்து சேர்ந்தால், அது தன் ரெக்கார்டு அன்று என்று மறுத்து, பிழை எழுப்பி, புராசஸ் மடிந்துபோகும். கம்பைல் சமயத்தில் முடிந்துபோன ஒரு தீர்மானம், ஏற்றும் சமயத்தில் வந்து குறுக்கே நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதற்குப் பரிகாரமாக, எர்லாங்கின் பொது நூலகத்தைப் பின்பற்றி எழுதப்படும் ஒவ்வொரு சர்வர் புராசஸும், பழைய வடிவத்தைப் பெற்றுப் புதிய வடிவத்தைத் தரும் ஒரு தனிச் சார்பை உடன் வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் வேளையில், சம்பந்தப்பட்ட புராசஸ்கள் சற்று நேரம் நிறுத்திவைக்கப்படுகின்றன. வந்துகொண்டிருக்கும் செய்திகள் அவற்றின் வாசலில் வரிசையில் காத்திருக்கின்றன. புதிய மாட்யூல் ஏறுகிறது. அந்தத் தனிச் சார்பு அழைக்கப்பட்டு, மூன்று ஸ்தானக் கோவை நான்கு ஸ்தானக் கோவையாக மாற்றப்படுகிறது. பிறகு வேலை தொடர்கிறது. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எந்த மாட்யூல்களை, எந்தக் கிரமத்தில் மாற்றுவது என்பதெல்லாம் தனிக் கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கப்படும். மேலே ஏறுவதற்குரிய படிகளைப் போலவே, ஏறிய பின் சரிப்படாவிட்டால் பழைய பதிப்புக்கு இறங்குவதற்குரிய படிகளையும் எழுத அக்கோப்பில் இடம் உண்டு. தாங்கள் செய்யும் திருத்தத்திலும் பிழை இருக்கக் கூடும் என்று முன்யோசனையோடு எதிர்பார்த்த அந்தப் பொறியியல் வல்லுநர்களின் பணிவு எனக்கு மிகவும் உவப்பானது.

கம்பைல் சமயத்துத் தீர்மானங்கள் என்று மேலே ஒரு வார்த்தை வந்துவிட்டபடியால், அவற்றைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியவனாகிறேன். ஒரு நிரலில் அடங்கிய கணக்குகளில் சில, அது ஓடும்போது வரும் தரவுகளைச் சார்ந்தவை. வேறு சில, எழுதும்போதே விடை தெரிந்தவை. ஒரு நாளில் எத்தனை விநாடிகள் என்பதை விளங்கச் சொல்லும் பொருட்டு, நிரலாளர் 24ஐ 60ஆலும் மறுபடியும் 60ஆலும் பெருக்குமாறு எழுதியிருந்தால், அந்தப் பெருக்கலைக் கம்பைலரே முடித்து 86400 என்று எழுதிவிடுகிறது. ஓடும் நிரல் அந்தச் சிரமத்தை ஒருமுறையேனும் படுவதில்லை. இது மிகவும் எளிய நிலை. இதற்கு மேற்பட்ட நிலையில், நிரலாளர் ஒரு தொடருக்குப் பெயரிட்டு, அப்பெயர் வருமிடமெல்லாம் அத்தொடரையே வைக்குமாறு சொல்லலாம். பல மாட்யூல்களுக்குப் பொதுவான ரெக்கார்டு வருணனைகளை ஒரு தலைப்புக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றிலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். பின்னதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது: தலைப்புக் கோப்பைத் திருத்திவிட்டு, அதைச் சேர்த்துக்கொண்ட பத்து மாட்யூல்களில் ஒன்பதை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால், பத்தாவது மாட்யூல் பழைய வடிவத்தையே நிஜமென்று நம்பிக்கொண்டிருக்கும்.

இன்னும் உயர்ந்த நிலையில், நிரலே நிரலை எழுதுகிறது. இது புதிய எண்ணமல்ல. லிஸ்ப் மொழியில் மேக்ரோ என்ற பெயரால் இதை டிமதி ஹார்ட் என்பவர் 1963ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தார். எர்லாங்கில், கம்பைலர் ஒரு மாட்யூலைப் படித்து, அதன் இலக்கண அமைப்பை ஒரு மரமாக விரித்த பின், அந்த மரத்தை நாமே எழுதிய மற்றொரு சார்பினிடம் கொடுத்து, அது திருத்தித் தரும் மரத்தையே மேற்கொண்டு கம்பைல் செய்யுமாறு பணிக்கலாம். அட்டவணைகளில் தரவு தேடுவதற்குரிய கரடுமுரடான தேடல் குறிப்புகளை, நிரலாளர் சாதாரணச் சார்பு வடிவில் எழுத, கம்பைல் சமயத்திலேயே அதைக் குறிப்பு வடிவுக்கு மாற்றித் தரும் வசதி எர்லாங்கின் நூலகத்தில் உண்டு. அது இந்த உபாயத்தால் இயங்குவதே. ஆனால் சாமானிய நிரலாளர்கள் இதில் இறங்க வேண்டாம் என்று எர்லாங்கின் அதிகாரபூர்வமான கையேடே கண்டிப்பாக எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்ற நிலை ஏற்பட்டால், பிழை தேடுகிறவனுக்குப் போகப் புகலிடம் இல்லை.

அதே பீம் யந்திரத்தின் மீது, பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஜோஸே வாலிம் 2011ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கிய எலிக்ஸிர் என்னும் மொழி, இந்த விஷயத்தில் வேறொரு மார்க்கத்தைப் பின்பற்றுகிறது. அங்கே மேக்ரோ என்பது மொழியின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது; நிபந்தனை சொல்லும் சொல்லும், சார்பை வரையறுக்கும் சொல்லுங்கூட மேக்ரோக்களே. மாட்யூல் கம்பைல் ஆகும்போதே அதன் உடலிலுள்ள நிரல் ஓடுகிறது; அப்படி ஓடும்போது கோப்பைப் படிக்கலாம், படித்ததைக் கொண்டு புதிய சார்புகளை உண்டாக்கலாம். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண்கள் வகுத்திருக்கும் யூனிகோடு அமைப்பின் அட்டவணைக் கோப்புகளைக் கம்பைல் சமயத்தில் வரிவரியாகப் படித்து, சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கும் சார்பின் கிளைகளை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றாக அந்த மொழியின் நூலகம் பெற்றெடுக்கிறது. மனிதக் கை அவற்றை எழுதவில்லை. யூனிகோடின் புதிய பதிப்பு வெளிவந்தால், புதிய அட்டவணையை வைத்து மறுபடி கம்பைல் செய்வதோடு காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

தமிழருக்கு இதில் நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லை நாம் மூன்று எழுத்து என்கிறோம். யூனிகோடோ அதை ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது, ஏனெனில் மகரமும் அதன் மேலேறும் இகரக் குறியும் தனித்தனி, ழகரமும் புள்ளியும் தனித்தனி. நினைவகத்தில் சாதாரணமாக அது அடைத்துக்கொள்ளும் இடம் 15 பைட்டுகள். எழுத்தெண்ணிப் பதில் சொல்ல வேண்டிய நிரல், எந்தக் குறி எந்த எழுத்தோடு ஒட்டி நிற்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். எர்லாங்கின் நூலகத்தில் இந்த ஞானத்தைத் தாங்கியிருக்கும் மாட்யூலும், யூனிகோடு அட்டவணைகளைப் படிக்கும் ஒரு சிறு நிரலால், எர்லாங்கைக் கட்டும் வேளையில், எழுதித் தரப்படுவதே. ஆகையினால்தான் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் எர்லாங்கும் எலிக்ஸிரும் மூன்று என்று, நம் இலக்கணத்தோடு முரண்படாமல், விடை கூறுகின்றன. இம்மொழிகளைச் சமைத்தவர்கள் தமிழின் உயிர்மெய்யைக் கற்றுக்கொள்ளாமலே அதை மதிக்கும் நிரல்களை நமக்குத் தந்திருப்பது, முன்கூட்டியே செய்யத்தக்கதை முன்கூட்டியே செய்துவிடும் இந்த ஏற்பாட்டின் பயன்.

ஆனால் முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாதவற்றை முடிவு செய்துவிடும் அபாயமும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. தரவுத்தளத்தின் முகவரி போன்ற அமைப்பு விவரங்களை, எலிக்ஸிரில் மாட்யூலின் உடலில் படித்துப் பெயரிட்டு வைத்துவிட்டால், கம்பைல் செய்த யந்திரத்தில் அன்று இருந்த மதிப்பே அங்கு உறைந்துவிடும். பிறகு, நிரல் உண்மையில் ஓடும் யந்திரத்தில் எத்தனை முறை மதிப்பை மாற்றினாலும் நிரல் அதைப் பொருட்படுத்தாது. இவ்வாறு இடர்ப்பட்டவர்கள் பலர். 2020ஆம் ஆண்டு வந்த 1.10 பதிப்பில் இதற்கு ஓர் ஒழுங்கு செய்தார்கள்: கம்பைல் சமயத்தில்தான் படிக்கிறேன் என்று வெளிப்படையாக அறிவிக்கும் ஒரு முறையை ஏற்படுத்தி, அவ்விதம் படித்த மதிப்பும் நிரல் தொடங்கும்போது உள்ள மதிப்பும் வேறுபட்டால், தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடுமாறு செய்தார்கள். தவறான மதிப்போடு மௌனமாக ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டிலும் வாசலிலேயே நின்று முறையிடுவது மேலானது.

முன்கூட்டியே முடிவு செய்வதற்கும் ஓடும்போதே மாற்றுவதற்கும் இடையில் உள்ள இழுபறி இத்தோடு முடியவில்லை. ஒரு மாட்யூலிலுள்ள சிறிய சார்பின் உடலை, அதை அழைக்கும் இடத்திலேயே பிரதி செய்து வைத்துவிட்டால் வேகம் கூடும் என்பது கம்பைலர் சாஸ்திரத்தின் பழைய பாடம். எர்லாங் கம்பைலர் ஒரு மாட்யூலுக்குள்ளே இதைச் செய்கிறது. மாட்யூலின் எல்லையைத் தாண்டிச் செய்வதில்லை. காரணம் வெளிப்படை: அந்த மற்ற மாட்யூல் எந்தக் கணத்திலும் மாற்றப்படலாம், அதன் உடலைப் படியெடுத்து வைத்துக்கொண்டவனுக்கு மாற்றம் எட்டவே எட்டாது. நிறுத்தாமல் புதுப்பிக்கும் சுதந்திரத்துக்காக எர்லாங் செலுத்துகிற விலை இது. விலையில் ஒரு பகுதியை வேறொரு வேளையில் மீட்டுக்கொள்ள முயன்றிருக்கிறார்கள்: 2021ஆம் ஆண்டு வெளிவந்த 24ஆம் பதிப்பிலிருந்து, மாட்யூல் ஏறும்போதே அதன் கட்டளைகள் அந்தந்தக் கணிப்பொறியின் சொந்த யந்திர மொழிக்கு மாற்றப்படுகின்றன. கம்பைல் சமயத்துக்கும் ஓடும் சமயத்துக்கும் நடுவில், ஏற்றும் சமயம் என்ற மூன்றாவது சந்தியும் இவ்விதம் வேலைக்குப் பயன்படுகிறது.

ஏற்றுவதற்காக மற்ற வேலைகள் நிற்கலாமா என்ற கேள்வியும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஆர்16 பதிப்பு வரும் வரையில், ஒரு மாட்யூல் ஏறும் அந்தச் சொற்ப நேரத்துக்கு மெய்நிகர் யந்திரத்தின் பிற இயக்கமெல்லாம் நின்று காத்திருந்தது. அப்பதிப்பில், எந்தச் சார்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையைப் பல பிரதிகளாக வைத்து, நடப்பு அட்டவணையைப் பார்த்து எல்லாப் புராசஸ்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதிய மாட்யூலை மற்றோர் அட்டவணையில் ஆயத்தம் செய்து, முடிந்ததும் ஒரே கணத்தில் அதை நடப்பாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கோயிலில் திருப்பணி நடக்கும் காலத்தில் பாலாலயம் அமைத்து நித்திய பூஜைக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வதை அறிந்த நமக்கு, இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை சிறப்புகளும் இருக்க, இன்று எர்லாங்கிலும் எலிக்ஸிரிலும் எழுதுகிறவர்களில் பலர், ஓடும் நிரலைப் புதுப்பிக்கும் வழியைக் கையாள்வதில்லை. ஒரு சர்வருக்குப் பதில் பல சர்வர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறுத்திப் புதிய பதிப்போடு தொடங்குவது அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது; எலிக்ஸிரின் சொந்த வெளியீட்டுக் கருவியும் இவ்வகைப் புதுப்பித்தலுக்கு நேரடியாக உதவுவதில்லை. தரவு வடிவ மாற்றங்களை மேலேறவும் கீழிறங்கவும் எழுதிப் பரிசோதிப்பது மிகுந்த உழைப்பைக் கேட்பது. ஒரு நிமிஷம் நின்று எழுந்தால் பாதகமில்லாத வலைத்தளத்துக்கு அந்த உழைப்பு அவசியமில்லை. ஆனால் நெடுநேரம் நீடிக்கும் இணைப்புகளைத் தாங்கும் நிலையங்களுக்கும், தூரத்தில் தனியாக நிற்கும் கருவிகளுக்கும், நினைவகத்தில் சேர்த்துவைத்த நிலையை இழக்கக் கூடாத காரியங்களுக்கும் இதற்கு நிகரான வழி வேறில்லை என்றே கருதுகிறேன். பிழை ஒன்றை நள்ளிரவில் கண்டு, ஒரே மாட்யூலை மட்டும் திருத்தி ஏற்றிவிட்டு, ஒருவரையும் எழுப்பாமல் பணியை முடிக்க விரும்பும் பொறியாளருக்கும் அது கைகொடுக்கும்.

நிரல் எழுதப் பழகும் இளைஞர்கள் இதைப் படித்து நம்புவதோடு நின்றுவிடாமல் தாங்களே பரிசோதித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எர்லாங் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியே போதும். மேலே சொன்ன எண்ணும் மாட்யூலைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதி, அதன் உரையாடல் சாளரத்தில் கம்பைல் செய்து, ஒரு புராசஸைத் தொடங்கி, சில செய்திகளை அனுப்புங்கள். பிறகு மாட்யூலைத் திருத்தி மறுபடியும் ஏற்றுங்கள். மேலும் ஒருமுறை ஏற்றுங்கள். முதலில் வெறும் பெயரால் அழைக்கும் விதத்திலும், அடுத்து முழுப் பெயரால் அழைக்கும் விதத்திலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்: முழுப் பெயரால் எழுதியிருந்தாலும், இரண்டு ஏற்றங்களுக்கு இடையில் ஒரு செய்தியேனும் அனுப்பத் தவறினால், அந்தப் புராசஸ் முதல் பிரதியிலேயே காத்துக்கொண்டிருக்கும், மூன்றாவது பிரதி ஏறும்போது அது எண்ணோடு சேர்ந்து மடிந்துவிடும்.